இரு தரப்பிலும் நியாயம் என்று எழுதிய கோட்டாட்சியருக்கு

மதிப்பிற்குரிய வருவாய்க் கோட்டாட்சியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் விவகாரமாக உங்கள் அலுவலகத்தில் நடந்த சமாதானக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்துப் போட மறுத்த காலனிக்காரர்களில் நானும் ஒருவன். கிராம அஞ்சல் ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏன் மறுக்கிறேன் என்று கேட்டீர்கள். நான் பேச ஆரம்பித்ததும் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டீர்கள். அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுத்தில் தருகிறேன். உங்களுக்கு மட்டும் அனுப்பினால் அது ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

குறிப்பில் இப்படி இருக்கிறது: 'கோயில் நுழைவு தொடர்பாக இரு தரப்பினருக்கும் அவரவர் நம்பிக்கை சார்ந்த நியாயங்கள் உள்ளதாலும், எது சரி எது தவறு எனத் தீர்மானிப்பது இக்கூட்டத்தின் நோக்கம் அல்ல என்பதாலும், ஒருமித்த கருத்து ஏற்படும் வரை கோயிலைப் பூட்டி வைப்பதென முடிவு செய்யப்பட்டது.' இதை எழுத்தர் படித்து முடித்ததும் நீங்கள் வாயாலும் சொன்னீர்கள்: "நல்லது கெட்டதுக்கு அளவுகோல் எங்கப்பா இருக்கு? அவங்க பக்கம் நின்னு பார்த்தா அவங்க சரி. உங்க பக்கம் நின்னு பார்த்தா நீங்க சரி." ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். எங்கள் தெருவிலிருந்து வந்த, எம்.ஏ. படித்த பையன் ஒருவனும் தலையாட்டினான். பூட்டை விட அந்தத் தலையாட்டல்தான் என்னை எழுத வைத்தது.

என்ன நடந்தது என்று குறிப்பில் எங்குமே இல்லை. அதனால் நான் சொல்கிறேன். கோயில் அறநிலையத் துறையின் பட்டியலில் இருக்கிறது. யாருடைய குலதெய்வக் கோயிலும் அல்ல, தனியார் சொத்தும் அல்ல. ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது எங்கள் தெருவிலிருந்து பறை போக வேண்டும், ஆனால் பறை அடிப்பவர் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது. தலைக்கட்டு வரி எங்களிடம் வாங்குவதில்லை. இரக்கத்தால் அல்ல. வரி கொடுத்தவன் நாளைக்கு உரிமை கேட்பான் என்பதால். இந்த ஆடியில் எங்கள் தெருப் பெண்கள் சிலர் கூழ்ப்பானையைத் தூக்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார்கள். முன்னால் போனது நர்ஸிங் படிக்கும் ஒரு பெண். அவளைத் தள்ளினார்கள், பானை உடைந்தது, தடுக்கப் போன இரண்டு பையன்கள் அடிபட்டார்கள். ஒருவனுக்கு நெற்றியில் தையல். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். மனு ரசீது தந்தார்கள், முதல் தகவல் அறிக்கை போடவில்லை. அப்புறம் நன்னடத்தைப் பிணைக்காக இரு தரப்பிலும் தலா ஐந்து பேருக்கு உங்கள் கையெழுத்தில் நோட்டீஸ் வந்தது. அடித்தவர்களில் ஐந்து, அடிபட்டவர்களில் ஐந்து. எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாத சமத்துவம்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அது சின்னக் கேள்வி அல்ல. நல்லது கெட்டது என்பதை ஆள் பார்க்காமல், பக்கம் பார்க்காமல் வரையறுக்க முடியுமா? அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியுமா? முடியாது என்று நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். காரணமாகச் சொன்னது ஒன்றே ஒன்று: இரண்டு தரப்பும் வேறு வேறாக நம்புகிறார்கள் என்பது.

உங்கள் துறையில் தினம் நடக்கிற காரியம் இது. இரண்டு பங்காளிகள் வரப்புத் தகராறோடு வருகிறார்கள். வேப்பமரம் வரை என் நிலம் என்கிறார் ஒருவர். கிணற்றடி வரை என்னுடையது என்கிறார் மற்றவர். இரண்டு பேரும் மனசார நம்புகிறவர்கள், கேட்டால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். 'அவரவர் பார்வையில் அவரவர் வரப்பு' என்று எழுதி அவர்களை நீங்கள் அனுப்பிவிடுவதில்லை. சர்வேயரை அனுப்புகிறீர்கள். புலப்படத்தை எடுத்து, கல்லைத் தேடிப் பிடித்து, அளந்து சொல்கிறீர்கள். கல் காணாமல் போயிருந்தால் பக்கத்துப் புல எண்ணின் கல்லிலிருந்து அளக்கிறீர்கள். அளப்பது கஷ்டம் என்பதால் எல்லையே கிடையாது என்று எந்த வருவாய் அதிகாரியும் சொல்லி நான் கேட்டதில்லை.

நல்லது கெட்டதற்குக் கல் எங்கே நட்டிருக்கிறது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். தத்துவம் படித்தவன் அல்ல நான், வீடு வீடாகத் தபால் கொடுத்தவன்.

முதலில், நடந்தது யாருடைய பார்வையும் அல்ல. நெற்றி கிழிந்தது கிழிந்ததுதான். தையல் போட்ட டாக்டர் நீ எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு வலியின் அளவை முடிவு செய்யவில்லை. காலங்காலமாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு வரும் கூச்சமும் அப்படித்தான். அது ஒரு கருத்து அல்ல, ஒரு ஆளின் மேல் உண்மையில் விழுகிற பாதிப்பு. ஒருவர்மேல் இப்படி ஒரு பாதிப்பைச் சுமத்துகிறவர் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். இதில் எந்த ஊருக்கும் எந்த மதத்துக்கும் விலக்கு இல்லை என்று நினைக்கிறேன். பிள்ளையை அடிக்கிற அப்பனும், குற்றவாளியைச் சிறையில் போடுகிற அரசும் காரணம் சொல்கிறார்கள். காரணம் என்று ஒன்று வந்துவிட்டாலே அதைச் சோதித்துப் பார்க்கலாம். நிற்கிறதா விழுகிறதா என்று பார்க்கலாம். உங்கள் கூட்டத்தில் காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றைச் சோதிக்கத்தான் ஆள் இல்லை.

ஊர்த் தரப்பு சொன்ன முதல் காரணம், வழக்கம். வழக்கம் ஒன்றை நல்லதாக்கிவிடுமா என்ற கேள்விக்கு நம் பக்கத்தில் ஏற்கெனவே நிறைய விலை கொடுத்துப் பதில் கண்டிருக்கிறார்கள். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். ராமநாதபுரம் சமஸ்தானம் வழக்குப் போட்டது. வழக்கு மதுரையில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் வந்த முடிவு, வழக்கப்படி அவர்களுக்கு உள்ளே போக உரிமை இல்லை என்பது. அன்றைக்கு அதற்கு மேல் நீதிமன்றம் கிடையாது. பெரும்பான்மை அப்படி நினைத்தது, வழக்கம் அப்படி இருந்தது, சட்டமும் அப்படியே சொன்னது. நல்லது என்பதற்கு இவற்றைத் தவிர வேறு அளவு இல்லை என்றால், 1908இல் நாடார்களை வெளியே நிறுத்தியது நல்ல காரியம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இதை ஒரு நாடார் பெரியவர் முன்னால் உட்கார்ந்து இன்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. யாராலும் முடியாது. சொல்ல முடியாமல் போவது மரியாதைக்காக மட்டும் அல்ல. அந்தத் தீர்ப்பு வந்த நாளிலேயே அது அநியாயமாகத்தான் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்று கேரளத்தில் இருக்கும் வைக்கத்தில் நடந்தது இதைவிடத் தெளிவு. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்று கேட்டு 1924 மார்ச் 30 அன்று சத்தியாகிரகம் தொடங்கியது. கோயிலுக்குள் விடச் சொல்லிக்கூட அல்ல, தெருவில் நடக்க விடச் சொல்லி. பெரியார் போய்ச் சிறைப்பட்டார். 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டசபையில் தெருக்களைத் திறந்துவிடும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 21, எதிராக 22. ஒரே ஓட்டில் தோற்றது. அன்று ஓர் உறுப்பினர் மனம் மாறியிருந்தால் தெருவில் நடப்பது நியாயம் ஆகியிருக்கும், மாறாததால் அநியாயம் ஆகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? ஓட்டு எண்ணிக்கை சட்டத்தை மாற்றும். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஈழவர் ஒருவரைத் தெருமுனையில் நிறுத்துவது கெட்டதா இல்லையா என்பது அந்த ஒற்றை ஓட்டின் கையில் இல்லை.

அதே வைக்கத்தில் 1925 மார்ச்சில் காந்தி, இண்டந்துருத்தி மனை என்ற பிராமண வீட்டின் நம்பூதிரியைப் பார்க்கப் போனார். காந்தி பிராமணர் அல்லாதவர் என்பதால் வீட்டுக்குள் விடாமல் வெளியே உட்கார வைத்துப் பேசினார்கள். போன பிறவியின் கர்மத்தால்தான் ஒதுக்கப்பட்ட சாதியினர் இப்படிப் பிறந்தார்கள் என்பது நம்பூதிரி தரப்பின் வாதம். அப்படியே வைத்துக்கொண்டாலும், அந்தத் தண்டனையோடு இன்னொரு தண்டனையைச் சேர்க்க நமக்கு என்ன உரிமை என்ற பொருளில் காந்தி திருப்பிக் கேட்டார். ஒருவர் நம்பிக்கை என்று சொன்னதை இன்னொருவர் காரணமாக எடுத்துக்கொண்டு சோதித்தார். நம்பிக்கையாயிற்றே, இதற்குள் புகக் கூடாது என்று காந்தி எழுந்து வந்துவிடவில்லை. அந்த மனை இன்றைக்குக் கள் இறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகமாக இருக்கிறது என்பது கூடுதல் செய்தி.

வழக்கம் என்று சொல்லப்படுவது உண்மையிலேயே பழைய வழக்கம்தானா என்றும் பார்க்க வேண்டும். மராட்டிய நாட்டு மகாடு ஊர்க் குளத்தில் அம்பேத்கரும் மற்றவர்களும் 1927 மார்ச்சில் தண்ணீர் குடித்தபின், தீட்டுப்பட்டுவிட்டது என்று சாணமும் கோமியமும் ஊற்றிச் சுத்தம் செய்தார்கள். நினைவுக்கு எட்டாத காலத்து வழக்கம் என்று நீதிமன்றத்துக்கும் போனார்கள். 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம், அப்படி ஒரு வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டது. எங்கள் கோயில் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்த காலம் எனக்கே நினைவிருக்கிறது. அதன் சுவரைக் கட்டியவர்களில் என் தாத்தா ஒருவர் என்று வீட்டில் சொல்வார்கள். கட்டும்போது எந்த வழியாக உள்ளே போனாரோ!

இரண்டாவதாகச் சொன்ன காரணம், அம்மன் உத்தரவு. சாமியாடி ஒருவர் மேல் அம்மன் வந்து, காலனிக்காரன் கால் வைத்தால் மழை பொய்க்கும் என்று சொன்னதாகச் சொன்னார்கள். நான் கிண்டல் செய்யவில்லை, என் அம்மாவுக்கும் அருள் வரும். எங்கள் தெருவில் ஒரு பாட்டி மேலும் அதே மாரியம்மன் வருகிறாள். அவள் சொல்வது, என் பிள்ளைகள் என்னைப் பார்க்க வரவில்லையே என்று. ஒரே தெய்வம் இரண்டு தெருவில் இரண்டு விதமாகப் பேசினால், அந்தப் பேச்சை வைத்துச் சர்ச்சையைத் தீர்க்க முடியாது என்பதற்கு எந்தச் சட்டப் புத்தகமும் தேவையில்லை.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அது தீட்டு. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில் ஊர்த்தெருவின் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றிருக்கிறேன். என் விரல் பட்ட ரூபாய் நோட்டை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் கைப்பெருவிரலை நான்தான் பிடித்து மையில் அழுத்திக் கைநாட்டு வைத்திருக்கிறேன். பம்பாயில் இருக்கும் மகன் எழுதிய கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறேன், அழுதவர்களை ஆறுதல் சொல்லித் தேற்றியிருக்கிறேன். அதே வீட்டில் தண்ணீர் கேட்டால் சொம்பை உயரத் தூக்கி என் கையில் ஊற்றுவார்கள். பணத்துக்கு ஒட்டாத தீட்டு தண்ணீருக்கு ஒட்டும் என்றால், அது தீட்டைப் பற்றிய நம்பிக்கை அல்ல. யார் மேலே, யார் கீழே என்பதை அவ்வப்போது நினைவுபடுத்தும் ஏற்பாடு. நம்புகிறார்கள் என்று நீங்கள் அவர்களுக்குத் தரும் மரியாதையைக்கூட அந்தத் தீட்டு தாங்காது.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். கெட்டது என்று தெரிந்து செய்கிறவன் ஒளித்துச் செய்வான். எங்கள் ஊர் டீக்கடையில் முன்பு எங்களுக்குத் தனி டம்ளர் பலகையில் வெளிப்படையாக இருந்தது. சட்டத்துக்குப் பயந்து அதை எடுத்தார்கள். அப்புறம் எங்கள் தெரு ஆட்களுக்கு மட்டும் பேப்பர் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். வெளியூர் ஆள் வந்தால் எல்லோருக்கும் பேப்பர் கப். உங்கள் கூட்டத்திலும் அதே கதைதான். நாங்கள் அவர்களைத் தடுக்கவே இல்லை, கூட்ட நெரிசல் என்றார் ஒருவர். அவர்கள் எங்கள் பிள்ளைகள் மாதிரி, ஆனால் சிலருக்குப் பிடிக்காது என்றார் இன்னொருவர். கருப்பசாமி கோயிலில் கிடா வெட்டுவது சரியா என்று கேட்டுப் பாருங்கள், வெட்டுகிறவர்கள் நெஞ்சை நிமிர்த்தி ஆமாம் என்பார்கள். இதில் மட்டும் ஏன் பேச்சு வழுக்குகிறது? செய்வது கெட்டது என்று அவர்களுக்கே தெரியும் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அதாவது, அளவுகோல் அவர்களிடமும் இருக்கிறது, அது எங்களுடையதே. அளவு எங்கே இருக்கிறது என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

கூட்டத்தில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், நினைவிருக்கும். ஊர்த் தரப்பில் மூத்தவரைப் பார்த்து, "உங்க பேரன் எங்க தெருவுல பொறந்திருந்தா இந்த வழக்கத்தை ஒத்துக்குவீங்களா, பெரியவரே?" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அப்படிப் பொறக்கலையே" என்றார். சிரித்தார்கள். எனக்கு அதில் கோபம் வரவில்லை. அவரை நாற்பது வருஷமாகத் தெரியும், கெட்டவர் அல்ல. ஆனால் அந்தப் பதிலை விட நல்ல சாட்சியம் உங்களுக்குக் கிடைத்திருக்காது. ஒத்துக்கொள்வேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. இடம் மாறி நின்றால் தன்னாலேயே ஏற்க முடியாததை அடுத்தவர்மேல் சுமத்துகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். நடவடிக்கைக் குறிப்பில் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். அங்கே அது இல்லை.

எல்லாக் கேள்விக்கும் இப்படி விடை கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. திருவிழாவில் தேர் எந்தத் தெருவுக்கு முதலில் வருவது, கூழா பொங்கலா, தலைக்கட்டு வரி எவ்வளவு, மைக் செட்டு எத்தனை மணி வரை என்பதிலெல்லாம் பத்துப் பேர் பத்து விதமாக நினைக்கலாம், பத்தும் சரியாக இருக்கலாம். அங்கே நீங்கள் நடுவில் உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் முறை. ரசனையில் நடுவராக இருப்பது போல அநியாயத்திலும் இருக்க முடியும் என்று நினைத்ததுதான் சிக்கல்.

இந்த அளவு எங்களையும் அளக்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கும் கீழே, எங்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் குடும்பங்களை நிறுத்தி வைத்த ஊர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. அங்கே எங்கள் ஆட்களே "அது வழக்கம்" என்று சொன்னதுண்டு. அதுவும் அநியாயம்தான். யார் கேட்டாலும் அப்படியே சொல்வேன். என் பக்கம் நின்று பார்த்தால் நான் சரி என்று நீங்கள் சொன்னதை நான் ஏற்காமல் போனது அதனால்தான். என் பக்கம் என்பதற்காக எனக்குச் சலுகை வேண்டாம்.

சரி, நீங்கள் எந்தப் பக்கமும் நிற்கவில்லை என்கிறீர்கள். பூட்டைப் பாருங்கள். பூட்டுவதற்கு முந்தின நாள் வரை நாங்கள் வெளியே. பூட்டிய பிறகும் நாங்கள் வெளியே. ஊர்க்காரர்களுக்கு ஒரு ஆடி மாதம் நஷ்டம், அவ்வளவுதான். 'ஒருமித்த கருத்து ஏற்படும் வரை' என்று எழுதியிருக்கிறீர்கள். தடுக்கிறவர் சம்மதிக்கும் வரை என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். எது சரி என்று சொல்ல மாட்டேன் என்று தொடங்கிய கூட்டம் ஒரு தரப்புக்குச் சாதகமான தீர்ப்போடு முடிந்துவிட்டது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் சீல் வைத்தார்கள். திரும்பத் திறப்பதற்கே அடுத்த ஆண்டு மார்ச் ஆனது, அதற்கும் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. எங்கள் ஊரும் அந்த வழியில் போக வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

உண்மையில் உங்களுக்குத் தத்துவக் குழப்பம் இருக்கிறது என்று நான் நம்பவில்லை. கலவரம் வந்துவிடுமோ என்ற கவலை இருக்கிறது. அது நேர்மையான கவலை. உங்கள் இடத்தில் இருக்கும் யாருக்கும் வரும். அதை அப்படியே எழுதியிருந்தால், 'காலனி மக்களின் உரிமை தடுக்கப்பட்டது தவறு. பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு இத்தனை நாள் தேவை' என்று எழுதியிருந்தால், நான் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பேன். நாள் கேட்பது வேறு. நியாயமே தெரியவில்லை என்று எழுதுவது வேறு. முந்தையதில் நாங்கள் காத்திருக்கிறோம். பிந்தையதில் எங்கள் பிள்ளைகள், தங்களுக்கு நடந்தது அநியாயம்தானா என்றே சந்தேகப்படக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த எம்.ஏ. பையன் தலையாட்டியதை மேலே சொன்னேன்.

கவலையை மீறி நிர்வாகம் செய்து காட்டிய இடங்கள் உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளைத் தலித்துகளுக்கு ஒதுக்கியபின் 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது, ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, என்ன செய்வது என்றுதான் அப்போதும் சொன்னார்கள். 2006இல் மாவட்ட நிர்வாகம் உறுதியாக நின்றது, தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் கூடவே நின்று தலித் மக்களை முத்துமாரியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், தலித்தான கக்கனையும் மற்றவர்களையும் அழைத்துச் சென்றபோது ஒருமித்த கருத்து இருந்ததா என்ன? எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அதற்காக அரசு ஒருமித்த கருத்து வரட்டும் என்று காத்திருக்கவில்லை, அழைத்துப் போனவர்களைக் காக்க அவசரச் சட்டம்தான் வந்தது.

நல்லது கெட்டதை இந்த விஷயத்தில் தீர்மானிக்கும் வேலை உங்கள் மேல் விழவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்ற விதியை அரசியல் நிர்ணய சபை 1948 நவம்பர் 29 அன்று ஏற்றுக்கொண்டது. அது இன்று அரசியலமைப்பின் 17ஆம் கூறு. சிலருக்கு அது சரி, சிலருக்குத் தவறு என்று அந்தச் சபை எழுதவில்லை. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் வழிபாட்டு இடத்தில் பட்டியல் சாதியினரைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். தன் கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியரைப் பற்றியும் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு பேசுகிறது. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி நான் கேட்பவை. அந்த நடவடிக்கைக் குறிப்பைத் திரும்பப் பெறுங்கள். 'இரு தரப்பினருக்கும் அவரவர் நியாயங்கள்' என்ற வாசகத்தை நீக்கி, யார் யாரை எங்கே தடுத்தார்கள், யாருக்குக் காயம் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மூத்தவரின் பதிலும் அதில் இருக்க வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி தகவல் கிடைத்த உடனே நீங்கள் நேரில் வந்து பார்வையிட்டிருக்க வேண்டும். இன்னும் வரவில்லை. வாருங்கள். அலுவலகத்துக்கு எங்களை வரவழைக்காமல், எங்கள் தெருவில் அந்த நர்ஸிங் மாணவியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவளிடம் வாக்குமூலம் வாங்குங்கள். மனு ரசீதோடு நிற்கும் புகாரை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கையாகப் பதிவு செய்யும்படி காவல் துறைக்கு எழுதுங்கள். அடிபட்ட எங்கள் ஐந்து பேருக்கு அனுப்பிய பிணை நோட்டீஸ் உங்கள் அதிகாரத்தில் வந்தது. அதை ரத்து செய்வதும் உங்கள் அதிகாரத்தில் இருக்கிறது.

கோயிலைத் திறக்கும் தேதியை எழுத்தில் அறிவியுங்கள். தைப்பொங்கலுக்கு முன்பாக இருக்கட்டும், பாதுகாப்பு ஏற்பாடு செய்ய அது போதுமான அவகாசம். எல்லோரும் ஒரே வாசல் வழியாக, ஒரே நேரத்தில் போக வேண்டும். எங்களுக்குத் தனி நேரம், பின்வாசல், போலீஸ் சூழ ஒரே ஒரு நாள் தரிசனம் என்ற யோசனைகள் உங்கள் மேசைக்கு வரும். அவற்றை ஏற்க மாட்டோம். பறை அடிக்கும் எங்கள் ஆட்கள் இனி கொடிமரத்தைத் தாண்டி உள்ளே நின்றுதான் அடிப்பார்கள். வேண்டாம் என்றால் ஊர் வேறு ஏற்பாடு செய்துகொள்ளட்டும். தலைக்கட்டு வரியை எங்களிடமும் வாங்கச் சொல்லுங்கள், ரசீதோடு.

இந்தக் கோட்டத்தில் இனி நடக்கும் சமாதானக் கூட்டங்களில், குற்றம் நடந்ததா என்ற விசாரணை முடியும் முன் எந்தச் சமரசத் தாளிலும் யாரிடமும் கையெழுத்துக் கேட்கக் கூடாது என்று உங்களுக்குக் கீழுள்ள வட்டாட்சியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இதற்கான பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். நகலை மாவட்ட ஆட்சியருக்கும், மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் இதே மடலோடு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
காலனித் தெருவிலிருந்து,
ஓய்வுபெற்ற கிராம அஞ்சல் ஊழியர்